எங்கள் ஹால் அருவி

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். போன மாதம் இந்த வார்த்தையை எழுதச் சொல்லியிருந்தால் கை வந்திருக்காது, இன்று மனசாரத்தான் எழுதுகிறேன், அதனால் இதற்குக் கீழே என்ன படித்தாலும் இந்த வரியை மறந்துவிடாதே. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு எதற்குத் திடீரென்று கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கர்ல போடு ஸ்பீக்கர்ல போடு என்று உயிரை எடுக்கிறார், இது அவர் எதிரில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை. அவளுக்கு ஒண்ணும் சொல்லாதே, அங்க தனியா உட்கார்ந்து அழுவா என்று எனக்குக் கட்டளை வேறு. உன்னை நான் அவரைவிட நன்றாக அறிவேன். நீ ஒரு மூச்சு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள். அதனால்தான் சலவைக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே யாராவது அழுக்குக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், எழுத்து கோணிக்கொண்டு போனால் அவர்களைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் சில்லறைச் சேதிகளை முடித்துவிடுகிறேன். நம் கட்டிடத்து லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் ஓடவிட்ட உன் அப்பா, ஓய்வு பெற்றபிறகு தன் வீட்டுக்குப் படியேறிப் போகிறார், ஒவ்வொரு மாடியிலும் நின்று சங்கச் செயலாளரைத் திட்டுகிறார், அதில் பாதி மூச்சு வாங்குவதற்காக. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. மாடி வீட்டு டீச்சரின் குழாய்த் தண்ணீர் நம் குளியலறைக் கூரையில் கசிகிறது, போய்ச் சொன்னால் எங்க வீட்டுல ஒரு சொட்டுகூட இல்லையே என்கிறாள். எப்படி இருக்கும், எல்லாம்தான் இங்கே இறங்கிவிடுகிறதே. நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடிக்காதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் கண் ஆபரேஷன் தள்ளிப் போனதற்கு, டாக்டர் ஊரில் இல்லை என்று உன்னிடம் காரணம் சொன்னேனே, அது பொய். டாக்டர் ஊரில்தான் இருந்தார், தேதியும் கொடுத்திருந்தார். அப்பாதான் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டுவிட்டார். புரை முற்றிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளிப்போட்டால் சிக்கல் என்று டாக்டர் அவ்வளவு படித்துப் படித்துச் சொன்னார். இவரோ, "இனிமே எதுக்கு, விடு" என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். அவர் ஏன் அப்படி அடம்பிடித்தார் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அதில் உனக்கும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு, ஏனென்றால் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

நீ லீவில் வந்திருந்தபோது நம் ஹாலை மாற்றினோமே, ஞாபகம் இருக்கிறதல்லவா. அந்த அருவிப் படம், பச்சை மலை, நடுவில் அருவி, கீழே குடிசை, இரண்டு மான், சுவிட்சைப் போட்டால் உள்ளே விளக்கெரிந்து தண்ணீர் ஓடும். அதன் பக்கத்தில் தங்கக் கதிர் விரித்த கடிகாரம். அலமாரிக்கு மேலே பசைத்துளியைப் பனித்துளி என்று ஒட்டிவைத்த பிளாஸ்டிக் ரோஜா, கழுத்தோடு கழுத்துச் சேர்த்து இதயம் போடுகிற பீங்கான் அன்னங்கள். சோபாவின் மேல் புலி போட்ட வெல்வெட் போர்வை. உள்ளே வந்ததும் நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அம்மா, இது வீடா, பொம்மைக் கடையா" என்றாய். இந்த மாதிரி மலிவான பளபளப்புக்குப் படித்தவர்கள் வைத்திருக்கிற பெயர் கிட்ச் என்று ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுத்தாய். நான் சிரித்தேன், எனக்கும் உள்ளுக்குள் அரிப்புதான். கடையில் நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கலரையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு புலி பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும், எத்தனை வருஷம்தான் பொறுத்துக்கொள்வது. அப்பாவை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நீயே ஏணியில் ஏறி அந்த நுரை நிறச் சாயத்தை அடித்தாய், சோபாவுக்குக் காளான் நிறத்தில் உறை, சுவரில் எண் இல்லாத மரக் கடிகாரம், மூலையில் ஒரு ஜாடியில் காய்ந்த குச்சிகள். பொருளை எல்லாம் பரணில் ஏற்றினோம். உண்மையைச் சொல்கிறேன் பாப்பு, அன்று அந்தச் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தபோது தலைவலித் தைலம் தேய்த்த மாதிரி இதமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம். சொன்னால் சண்டைக்கு வருவார், இப்போது கண்ணும் சரியாகத் தெரியாது, ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் புது ஹாலைப் பார்த்து அசந்துபோவார் என்று நீ ஆசையாகத்தான் சொன்னாய். அத்தை வீட்டிலிருந்து அவர் போன் பண்ணி, படத்தை ஜாக்கிரதையாகக் கழற்றினீர்களா, சாயம் காய்ந்ததும் மாட்டிவிடுவீர்களா என்று கேட்டார். அப்போது நீ, "எல்லாம் அதது இடத்துல இருக்கும்பா, நீங்க கவலையே படாதீங்க" என்றாய். புலி மட்டும் சலவைக்குப் போயிருக்கிறது என்று நான் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தேன். அவ்வளவுதான் நாம் சொன்ன பொய். சின்னப் பொய்தான், பிறந்தநாள் பரிசை ஒளித்துவைக்கிற மாதிரி. அவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அவர் திரும்பி வந்த சாயங்காலம் நீதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாய். ஹால் நடுவில் நின்றார். முகத்தைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, "மணி என்ன ஆச்சு" என்று கேட்டார். நீ அதே சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மணி சொன்னாய். அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்விட்டார். நாம் சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், பாத்தியா, ஒண்ணும் தெரியல என்று. மறுநாள் நீ கிளம்பிவிட்டாய்.

நீ போனபிறகு அவர் ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டார். சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் அவர் கூட்டாளிகளோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பாரே, அதுவும் நின்றது. ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டு ஹாலுக்கு வருவார். அருவிப் படத்துக்கென்று அவரே வைத்த சுவிட்ச் இருக்கிறதே, படம் உயரத்தில், சுவிட்ச் கதவோரத்தில், அதை நாம் எடுக்கவில்லையே. அதைப் போடுவார். வெறும் சுவரை அண்ணாந்து பார்ப்பார். அணைப்பார். மறுபடி போடுவார். டக் டக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். நான் சமையலறை வாசலில் நின்று இதைப் பார்ப்பேன், பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். இவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன் பாப்பு. இல்லாத படத்துக்கு விளக்குப் போடுகிறாரே. கடைக்கு வரும் ஒரு அம்மா, தன் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று எப்போதோ சொல்லியிருந்தாள், அதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம் சொல்லலாமா என்று போனை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

இன்னும் கேள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடந்து பார்ப்பார். கண்ணாடி முன்னால் நிற்காமலே சவரம் செய்யப் பழகினார், கன்னமெல்லாம் கீறல். சட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்துப் பொத்தானை வைத்துப் பிரித்து அடுக்கினார். என்னங்க இதெல்லாம் என்றால், சும்மா பொழுது போகல என்பார். ஒரு நாள் அவருடைய கருவிப் பெட்டி, நீ தொட்டாலே கத்துவாரே அந்தப் பெட்டி, அதைத் தூக்கி வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். உனக்காவது உபயோகப்படட்டும்ப்பா என்று சொன்னாராம். காவலாளி பாவம் என்னிடம் வந்து, "அக்கா, சார் உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். மாடி டீச்சர் ஒரு நாள் குழாய் விஷயமாகச் சண்டைபோட வந்தவள், சண்டையை மறந்துவிட்டு, ஐயோ உங்க ஹால் எவ்வளவு அழகா இருக்கு என்று நின்றுவிட்டாள். அப்பா உள்ளே படுத்திருந்தார். அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பிடவே இல்லை.

இப்போது நம் ஸ்பேனர் மாமா கதைக்குள் வருகிறார். அப்பாவோடு காலமெல்லாம் லிஃப்ட் குழியில் தொங்கிய மனுஷர், காதில் பென்சில் வைக்கிற மாதிரி இடுப்பில் ஸ்பேனர் வைத்திருப்பார், கல்யாண வீட்டுக்குக்கூட அதோடுதான் வருவார். அவர்கள் வேலையில் ஒரு முறை உண்டு, அப்பா உனக்கும் சொல்லியிருப்பார். லிஃப்ட் நின்றால் எடுத்ததுமே மோட்டார் போச்சு என்று சொல்லக்கூடாது. முதலில் சுவிட்ச், அப்புறம் பல்ப், அப்புறம் வயர், எல்லாம் சரி என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெரிய பழுதைப் பற்றி வாயைத் திறக்கவேண்டும். அப்பா சுவிட்சைப் பார்த்துவிட்டார். பல்பைப் பார்க்க ஏணியில் ஏற முடியாது, என்னைக் கேட்கவும் மனசு வரவில்லை. ஸ்பேனருக்குப் போன் போட்டு, நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என்று பார்த்து எங்கள் இஸ்திரிப் பெட்டி சூடு ஏறாமல் மக்கர் பண்ண, முதலாளி சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டார்.

நான் கதவைத் திறந்து உள்ளே போகிறேன், ஸ்பேனர் முக்காலி மேல் நிற்கிறார், அப்பா சுவிட்சில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். "போட்டுட்டேன், எரியுதா பாரு" என்கிறார் அப்பா. "எதுடா எரியணும்?" என்கிறார் இவர். "படம்டா. பின்னால பல்ப் போயிருக்கும், கழட்டிப் பாரு" என்கிறார் அப்பா. ஸ்பேனருக்கு ஒன்றும் புரியவில்லை, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் படம்டா, வெறும் செவுருதானே இருக்கு, விளையாடுறியா" என்றார். அப்பாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அதை எழுத எனக்கு வரவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு, படம் செவுத்துல இருக்கா இல்லையா?" என்று கேட்டார். கையில் இருந்த பையைக் கீழேகூட வைக்காமல், இல்லைங்க, பரண்ல இருக்கு, பாப்பு வந்தப்பவே கழட்டியாச்சு என்றேன். கடிகாரம் என்று கேட்டார். பரண்லதாங்க என்றேன். ரோஜா, அன்னம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாமே பரண்லதாங்க, எல்லாமே என்றேன். மனுஷன் அப்படியே அந்தக் காளான் சோபாவில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "அப்போ என் கண்ணு இருக்கு" என்றார். "டேய் ஸ்பேனர், என் கண்ணு இருக்குடா."

புரிகிறதா பாப்பு. எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது என்று நீ சொன்னாய். அப்பா அதை நம்பி வந்து பார்த்தார், எதுவுமே தெரியவில்லை. அப்படியானால் போனது தன் கண்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார். புரை ஏற ஏற அவருக்கு எல்லாம் பனிக்குள் இருக்கிற மாதிரி மங்கிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் அந்தத் தங்கக் கடிகாரம் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரியுமாம், அருவி பச்சையும் நீலமுமாக ஒளிருமாம், ரோஜா சிவப்பாக ஒரு கட்டி. காலையில் எழுந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பாராம், பொழுது சாய்ந்ததும் அருவியைப் போட்டுப் பார்ப்பாராம், இன்னிக்கும் தெரியுது, பரவாயில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாராம். கண் டாக்டர் படிக்கச் சொல்கிற எழுத்து அட்டை மாதிரி அவருக்கு அதுதான் அட்டை. நமக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாம் அந்த அட்டையைத்தான் கழற்றிப் பரணில் போட்டோம். கைக்கெட்டும் தூரத்தில் தட்டு தெரிகிறது, எட்ட இருக்கிறதெல்லாம் போய்விட்டது, இனி கிட்டத்ததும் போகும், ஆபரேஷன் பண்ணி என்ன ஆகப்போகிறது, டாக்டர் வாயால் அதைக் கேட்பதைவிட கேட்காமல் இருப்பதே மேல் என்று நினைத்திருக்கிறார். மாடி டீச்சர் ஹால் அழகாக இருக்கிறது என்று சொன்னதும், ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டும் தெரியல என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

அவர் பேசி முடித்ததும் நானும் என் பயத்தைச் சொன்னேன், உங்களுக்குப் புத்திதான் பிசகிப்போச்சோன்னு பயந்து செத்தேங்க என்று. அதற்கு வந்ததே கோபம். கண் போனதாக நினைத்தபோது மூலையில் முடங்கிக் கிடந்த மனுஷன், "எனக்குப் புத்தி போச்சுன்னா நினைச்சே, எனக்கா, புத்தியா?" என்று எழுந்து நின்று கத்தினார். ஸ்பேனர் முக்காலியிலிருந்து இறங்கி, நல்லவேளை ரெண்டு பேருக்கும் எதுவும் போகல, டீ போடுங்கம்மா என்றார். பிறகு அவரே பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினார். படத்தின் உட்புறத்தில் தூசி அடைத்திருந்தது என்று பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினார். தங்கக் கடிகாரத்தை மாட்ட உன் மரக் கடிகாரத்தின் ஆணியையே வைத்துக்கொண்டோம். பொழுது சாயட்டும் என்று அப்பா காத்திருந்தார், பகலில் போட்டால் கணக்கில் சேராதாம். சுவிட்சைப் போட்டார். "பச்சை தெரியுது" என்றார். "அந்தப் பக்கம் மஞ்சள், அது கடிகாரம்." மறுநாள் காலையில் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் போகலாமா என்று வாசலில் வந்து நின்றார்.

நடுவில் ஒருவர் போர்வை கொண்டுவந்துவிட்டார், எழுதி வாங்கி வைத்துவிட்டு வந்தேன். என்ன போர்வை என்று நினைக்கிறாய், நம் வீட்டுப் புலியேதான், அதே பல், அதே முழி. உனக்கு ஒன்று சொல்லட்டுமா, இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து இப்போதெல்லாம் நான் இதையே யோசிக்கிறேன். இதய வடிவத் தலையணையில் காபி கொட்டிவிட்டது என்று ஒரு வங்கி அதிகாரி, டை கட்டிய பெரிய மனுஷர், போகுமா போகாதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கறை போகாவிட்டால் அழுதுவிடுவார் போல இருந்தது. நான் இந்தப் பொருள்களையெல்லாம் எத்தனையோ நாள் கேலி பண்ணியிருக்கிறேன். அருவிப் படம் அழகா என்று இப்போது கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன், உன் பக்கம்தான் நான். ஆனால் அது ஒரு நல்ல மனசுள்ள அசடு பாப்பு. வீட்டுக்குள் வருகிறவரைப் பார்த்து, வாங்க வாங்க, இன்னிக்கு ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா, இந்தாங்க மலை, இந்தாங்க மான், இந்தாங்க தண்ணி என்று கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்து நீட்டுகிறது. உன் குச்சிகள் அப்படி இல்லை, கௌரவமாக ஒரு மூலையில் நிற்கின்றன, நாம்தான் போய்ப் புரிந்துகொள்ள வேண்டும். களைத்துப்போய் வருகிறவனுக்கு அதற்குத் தெம்பு இருக்குமா சொல். அந்தப் படத்தை அப்பா தோளில் சுமந்துகொண்டு வந்த அன்று நான் போட்ட சத்தத்தில் நீ தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாய். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நாள் பூரா குழிக்குள்ள கறுப்பு கிரீசையும் சாம்பல் செவுத்தையும் பாத்துட்டு வர்றேன், வீட்டுலயாவது எனக்குக் கொஞ்சம் பளபளனு இருக்கட்டுமே." நாம் என்ன செய்தோம், அவர் வேலை பார்த்த குழியை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நீ அழாதே, உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, நீ சாயம் அடித்தபோது ஏணியைப் பிடித்த கை என்னுடையதுதான்.

சரி, நல்லதைக் கேள். வலது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்க, இவர் விரலைச் சொல்லிவிட்டு, உங்க மோதிரத்துல ஒரு கல் விழுந்திருக்கு டாக்டர், பாத்தீங்களா என்றார். வழியெல்லாம் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் வந்ததும் உன் நுரை நிறச் சுவரைக் கூர்ந்து பார்த்து, இதையா வெள்ளைன்னு சொன்னீங்க, இது அழுக்கு என்றார். என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இளைச்சுட்டே என்றார், தலை நரைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, புத்திசாலி. பிறகு போய்ச் சுவிட்சைப் போட்டார். படத்துக்கு நேராக நின்றார், கிட்டப் போனார், பின்னால் வந்தார், தலையைச் சாய்த்தார். எனக்குப் பக்கென்றது, மறுபடியும் என்ன என்று. "என்னங்க, தெரியலையா?" என்றேன். "தெரியுது" என்றார். "தண்ணி மேல ஏறுது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான் பாப்பு. அருவி கீழேயிருந்து குடிசையைத் தாண்டி மலை உச்சிக்கு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்பேனர் உள்ளே சுற்றுகிற உருளையைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது தினமும் என் கண்ணெதிரில்தான் ஓடியது, நல்ல கண் வைத்திருக்கிற நான் பார்க்கவே இல்லை, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அதை நிஜமாகப் பார்த்திருந்தால்தானே. அப்பா சோபாவில் விழுந்து விழுந்து சிரிக்கிறார், கண்ணைக் கசக்கக்கூடாது, சொட்டு மருந்து போட்டிருக்கிறது என்று நான் கத்துகிறேன். உடனே ஸ்பேனருக்குப் போன் போட்டு, "லிஃப்ட்காரன் மாட்டினா மேலதான்டா போகும்" என்றார். வந்து சரி பண்ணித் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றுவிட்டார். தண்ணீர் மேலே ஏறுவது தெரிகிற வரைக்கும் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். உன் குச்சிகளையும் அவர் தூக்கிப் போடவில்லை, பயப்படாதே. ஜாடியை அருவிக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்து, ஒரு குட்டி பல்ப் மாலையை வாங்கிச் சுற்றிவிட்டிருக்கிறார். குழந்தை ஆசையா வாங்கினது, இருட்டுல நிக்குதே என்று சொன்னார். பார்க்கச் சகிக்கவில்லை. நான் தினமும் சாயங்காலம் அதைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இதை அவர் என்னிடம் ரொம்பத் தயங்கித்தான் சொன்னார். நீ லீவில் வந்திருந்தபோது சாம்பலும் வெள்ளையுமாகத்தான் உடுத்திக்கொண்டிருந்தாய், சுவரோரமாக நின்றால் நீயும் சுவரும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்ததாம். யாரும்மா அது, பாப்புவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே, நாம் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தோம். உன் முகத்தை அவர் இந்தத் தடவை பார்க்கவே இல்லை. விமான நிலையத்தில் நீ உள்ளே போனபோது எல்லாரும் உன்னை மாதிரியே ஒரு சாம்பல் கோட்டில் இருந்தார்களாம். "நான் யாருக்குக் கையாட்டினேன்னே எனக்குத் தெரியல" என்று சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் எழுந்து போய்விட்டார்.

அடுத்த கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள், நீ வருவதற்குள் அதுவும் முடிந்துவிடும். வருகிற அன்று முதல் வரிசையில் அவர்தான் நிற்பாராம், நானோ அத்தையோ யாரும் அவரை முந்தி உன்னைப் பார்த்துக் கை காட்டக்கூடாதாம், இப்போதே சொல்லிவைத்துவிட்டார். எந்தக் கலரில் வந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன், நீ வேணா பாரு என்று சவால் வேறு. அரை மணி கழித்து சமையலறைக்கு வந்து, "எதுக்கும் ஒரு செகப்புத் துணியா பாத்து கழுத்துல சுத்திக்கச் சொல்லு, போன்ல சும்மா சொல்ற மாதிரி சொல்லு" என்றார். காரணத்தோடு நான் எழுதிவிட்டேன். மறக்காதே கண்ணு, அடக்கமான சிவப்பெல்லாம் வேண்டாம், நம் அலமாரி மேல் இருக்கிற ரோஜா இருக்கிறதே, அந்தச் சிவப்பு. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, எங்கள் இரண்டு பேருடைய வாழ்த்தும் உன் தலைமேல் எப்போதும் இருக்கும், நூறு வயசு நல்லா இரு. இந்தக் கடிதம் வந்ததைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே, அவர் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது.

ஆசையுடன்,
அருவி மேலே ஏறுகிற வீட்டிலிருந்து,
உன் அம்மா